கொகேன் நிறுத்தி 45 நாள்: அக்கும்பன்ஸில் க்ளூஏ1 ஏன் கூடவில்லை?

ஜெலுத்தோங்_மாணவி (பினாங்கு)

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். கொகேனைத் தொடர்ந்து கொடுத்து நிறுத்திய பிறகு மூளைப் புரதங்கள் நாளடைவில் எப்படி மாறுகின்றன என்பதுதான் தலைப்பு. என் வெஸ்டர்ன் ப்ளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் அளக்கும் முறை) முடிவுகள் படித்த கட்டுரைகளோடு ஒத்துவரவில்லை. செய்முறையை அப்படியே தருகிறேன், எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆண் ஸ்ப்ரேக்-டாலி எலிகள். கடைசி கொகேனுக்குப் பிறகு 1, 14, 45 ஆகிய நாள்களில் மூளை எடுத்தோம், குழுவுக்கு 6. உப்புநீர்க் குழு ஒன்றே ஒன்று, அதை 1-ஆம் நாளில் எடுத்தோம். மூளையை முழுதாக உறையவைத்து மைனஸ் 80-இல் வைத்தோம். பிறகு நியூக்ளியஸ் அக்கும்பன்ஸில் (மூளையின் பரிசு உணர்வுப் பகுதி) பஞ்ச் (சிறு வட்டத் துண்டு) எடுத்து, செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில் அரைத்து, முழுச் சாற்றிலிருந்து ஒரு கிணற்றுக்கு 20 மைக்ரோகிராம். 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்கவைத்து 10% ஜெல். ஒப்பீட்டுக்கு, மாறாது என்று கருதும் பீட்டா-ஆக்டின் புரதம்.

கிடைத்தது இது. க்ளூஏ1 (குளுட்டமேட்டை ஏற்கும் ஆம்பா ஏற்பியின் ஒரு துணைப் பகுதி) மூன்று நாளிலும் ஒரே அளவு. ஜிஎல்டி-1 (குளுட்டமேட்டை அள்ளும் புரதம்) மேலே இழுவிக்கொண்டு கறைபோல நிற்கிறது, 65 கிலோடால்டன் பக்கம் இருக்க வேண்டிய பட்டை லேனுக்கு லேன் மாறுகிறது. டெல்டா ஃபாஸ்பி (மரபணுக்களைத் தூண்டும் புரதம்) 1-ஆம் நாளில் பளிச்சென்று இருக்கிறது, 14-இல் மங்கல், 45-இல் இல்லை. 45-இல் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அடுத்த தொகுதியில் அந்தக் குழுவை விட்டுவிடலாம் என்பது மேற்பார்வையாளரின் எண்ணம். அடுத்த தொகுதிக்கு 24 எலிகள் அனுமதியாகியிருக்கின்றன. முதல் தொகுதியின் வலப்பக்க மூளைப் பாதிகள் இன்னும் உறைபெட்டியில் இருக்கின்றன.


கெளுகோர்_பெஞ்ச்

தங்கச்சி, மற்றதையெல்லாம் பார்க்கும் முன் ஒரு கேள்வி. கொகேனை எலியே நெம்புகோலை அழுத்தி எடுத்துக்கொண்டதா, நீங்கள் ஊசி போட்டீர்களா? அளவு என்ன, எத்தனை நாள்?


ஜெலுத்தோங்_மாணவி

ஊசிதான் அண்ணா. வயிற்றறையில், கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, 7 நாள். கழுத்துச் சிரையில் குழாய் வைக்கும் வசதி எங்களிடம் இல்லை. 45 நாள் முழுக்கச் சொந்தக் கூண்டில்தான் இருந்தன, எந்தச் சோதனையும் வைக்கவில்லை.


கெளுகோர்_பெஞ்ச்

அப்படியென்றால் முதல் முடிச்சு அங்கேதான். நீங்கள் படித்த கட்டுரைகளும் உங்கள் எலிகளும் இரண்டு வேறு மாதிரிகள்.

45 நாள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2008-இல் நேச்சர் இதழில் வந்த வேலை, கான்ராட், மரினா வுல்ஃப் குழுவினருடையது. அதில் எலிகள் நாளுக்கு 6 மணி நேரம், 10 நாள், தாங்களே கொகேன் எடுத்துக்கொண்டன. நிறுத்திய முதல் நாளில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் தாண்டி, ஆறு வாரம் வாக்கில் பார்த்தபோது அக்கும்பன்ஸ் சினாப்ஸ்களில் (நரம்புச் செல்கள் சந்திக்கும் இடங்களில்) க்ளூஏ2 என்ற துணைப் பகுதி இல்லாத ஆம்பா ஏற்பிகள் வந்து சேர்ந்திருந்தன. க்ளூஏ2 இல்லாத ஏற்பி கால்சியத்தை உள்ளே விடும், வழக்கமான ஏற்பி விடாது. அந்தப் புது ஏற்பிகளை நாஸ்பம் என்ற மருந்தால் அடைத்தபோது, கொகேனோடு பழகிய விளக்கு, ஒலி போன்ற குறிப்புகளைக் கண்டு கொகேனைத் தேடும் நடத்தையும் தணிந்தது.

அதே குழுவின் பிந்தைய வேலைகள் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டின. ஆய்வாளர் ஊசியாகப் போட்ட கொகேன் இந்த ஏற்பியைக் கொண்டுவருவதில்லை. நாளுக்கு 2 மணி நேரம் மட்டும் தானாக எடுத்துக்கொண்ட எலிகளிலும் அது சேரவில்லை. ஊசி போட்ட எலிகளில் வேறொன்று நடக்கிறது. நிறுத்தி இரண்டு மூன்று வாரத்தில் க்ளூஏ1, க்ளூஏ2 இரண்டுமே செல்லின் மேற்பரப்பில் கூடுகின்றன. அதாவது வழக்கமான ஏற்பியே அதிகமாக மேலே வருகிறது. அதன்பின் இன்னொரு ஊசி கொகேன் கொடுத்தால், 24 மணி நேரத்தில் அவை மறுபடி உள்ளே போய்விடுகின்றன. ஆகவே உங்கள் 45-ஆம் நாளில் 2008-இன் முடிவைத் தேடாதீர்கள். தேட வேண்டியது, 14 முதல் 21 நாளுக்குள் மேற்பரப்பில் இரண்டும் சேர்ந்து கூடியிருக்கிறதா என்பதை.

மேற்பரப்பு என்று சொல்வதில்தான் இரண்டாவது முடிச்சு. நீங்கள் அளந்தது முழுச் சாறு. கொகேன் நிறுத்திய காலத்தில் பெரும்பாலும் மாறுவது ஏற்பி இருக்கும் இடம். செல்லுக்குள் பையில் கிடந்தது மேலே ஏறியிருக்கும், மொத்தம் அப்படியே இருக்கும். அரைத்து ஒன்றாகக் கலக்கிய பிறகு மேலே இருந்தது எது, உள்ளே இருந்தது எது என்று ஜெல்லுக்கு எப்படித் தெரியும்? உங்கள் க்ளூஏ1 மாறாததில் பிழை இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. கேள்வியை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, உப்புநீர்க் குழு. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 45 நாளில் எலி ஆறு வாரம் மூத்துவிடுகிறது. இளம் எலியில் அந்த ஆறு வாரத்தில் சினாப்ஸ் புரதங்கள் தாமாகவே மாறும். 1-ஆம் நாள் உப்புநீரோடு 45-ஆம் நாள் கொகேனை ஒப்பிட்டால், கொகேனின் விளைவையும் வயதின் விளைவையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்புகிறீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் அதே வயதில், அதே கூண்டு வழக்கத்தில் வளர்ந்த உப்புநீர் எலிகள் வேண்டும். எந்த நல்ல மதிப்பீட்டாளரும் முதலில் கை வைக்கும் இடம் இது.

டெல்டா ஃபாஸ்பி பற்றித் தனியாக எழுதுகிறேன், மேற்பார்வையாளரின் முடிவு அதன் மேல்தான் நிற்கிறது.


கெளுகோர்_பெஞ்ச்

டெல்டா ஃபாஸ்பி. ஃபாஸ்பி புரதத்தின் கடைசி 101 அமினோ அமிலம் இல்லாத குட்டை வடிவம் இது, ஜெல்லில் 35 முதல் 37 கிலோடால்டனில் ஓடும். சி-ஃபாஸ் போன்ற உறவுக்காரப் புரதங்கள் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். இதன் வாலில் சிதைவுக்கு அடையாளம் காட்டும் பகுதி இல்லை, 27-ஆவது செரினில் பாஸ்பேட்டும் ஏறிக்கொள்வதால் நின்று பிடிக்கிறது. மூளையில் அரை ஆயுள் ஏறக்குறைய 8 நாள். அதனால்தான் ஊசி ஊசியாக அது குவிகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். கடைசி ஊசியன்று 100 என்றால் 8-ஆம் நாள் 50, 16-ஆம் நாள் 25, 24-ஆம் நாள் 12 சொச்சம், 32-இல் 6, 40-இல் 3. 45-ஆம் நாள் 2 அளவில். உங்கள் ப்ளாட் பளிச், மங்கல், இல்லை என்று காட்டியது இந்தக் கணக்கைத்தான். அந்தப் பட்டை உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது.

ஆனால் அது மறைந்ததால் மூளை பழையபடி ஆகிவிட்டது என்பது தவறான முடிவு. 2001-இல் கிரிம், ஹோப், வைஸ், ஷாஹம் நால்வரும் நேச்சரில் காட்டியது என்ன? கொகேனை நிறுத்திய எலிகள், குறிப்பைக் கண்டதும் நெம்புகோலை அழுத்துவது முதல் நாளைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் அதிகம். ஏக்கம் அடைகாக்கிறது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். டெல்டா ஃபாஸ்பி சரியும் அதே வாரங்களில் ஏக்கம் ஏறுகிறது. ஆகவே 45-ஆம் நாள் நடத்தையை அந்தப் புரதத்தின் அளவை மட்டும் வைத்து விளக்க முடியாது. அது இருந்த காலத்தில் தூண்டிவிட்ட மரபணுக்களும் (சிடிகே5 அவற்றில் ஒன்று), நரம்புச் செல்களின் கிளைகளில் முளைத்த முட்களும் அதற்குப் பிறகும் நிற்கின்றன.

இன்னொரு சான்று பிடிஎன்எஃப் என்ற நரம்பு வளர்ச்சிப் புரதம். கிரிம் குழுவே 2003-இல் அளந்தது. அக்கும்பன்ஸ், அமிக்டலா (உணர்ச்சிப் பகுதி), விடிஏ (நடுமூளையில் டோப்பமின் செல்கள் உள்ள பகுதி) மூன்றிலும் முதல் நாளில் மாற்றம் இல்லை, 30-ஆம் நாளிலும் 90-ஆம் நாளிலும் கூடியிருந்தது. தேய்ந்து மறையும் புரதம் ஒன்று, நாள்பட நாள்பட ஏறும் புரதம் இன்னொன்று. 45-ஆம் நாளை விட்டுவிட்டால் இரண்டாவது வகை உங்கள் ஆய்வின் கண்ணிலேயே படாது.

பிடிஎன்எஃப்பில் ஓர் எச்சரிக்கை. கூடினால் கெடுதல் என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். விடிஏவில் செலுத்தினால் தேடல் கூடுகிறது. கடைசிக் கொகேன் அமர்வு முடிந்த கையோடு முன்மூளைப் புறணியில் செலுத்தினால் தேடல் குறைகிறது. பகுதியின் பெயர் இல்லாமல் பிடிஎன்எஃப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதக் கூடாது.


பங்சார்_ப்ளாட் (கோலாலம்பூர்)

மேலே அண்ணன் சொன்னதோடு நான் பெஞ்ச் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

மேற்பரப்பை அளக்க எளிய வழி பிஎஸ்3 பிணைப்பு. பிஎஸ்3 என்ற இரசாயனம் செல் சவ்வைத் தாண்டாது. மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை மட்டும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும். கட்டுப்பட்டவை ஜெல்லில் 250 கிலோடால்டனுக்கும் மேலே தங்கிவிடும், உள்ளே இருந்தவை வழக்கமான 100 பக்கத்திலேயே ஓடும். ஒரே லேனில் மேல், உள் இரண்டும் தெரியும், விகிதம் எடுக்கலாம்.

அதற்குப் புதுத் திசு வேண்டும். உங்கள் உறைபெட்டியில் இருக்கும் வலப்பக்கப் பாதிகள் இதற்கு ஆகாது. உறைந்து உருகும்போது சவ்வு கிழியும், பிஎஸ்3 உள்ளே போய் உள்ளிருப்பதையும் கட்டிவிடும், எல்லாமே மேற்பரப்பு என்று காட்டும். அந்தப் பாதிகளை பிடிஎன்எஃப் எலைசாவுக்கும் (ஆன்டிபாடி கொண்டு அளவு காணும் சோதனை) ஜிஎல்டி-1-க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முறை இது. தலை எடுத்ததும் மூளையைப் பனியில் வைத்த கரைசலில் போடுங்கள். அக்கும்பன்ஸைப் பிரித்து, திசு வெட்டியில் 400 மைக்ரான் துண்டுகளாக்குங்கள். 1 மில்லிலிட்டர் குளிர்ந்த செயற்கை மூளைத் தண்டுவடத் திரவத்தில் போட்டு, பிஎஸ்3 இறுதி அளவு 2 மில்லிமோலார் வரும்படி சேர்த்து, 4 டிகிரியில் 30 நிமிடம் மெல்லச் சுழலவிடுங்கள். பிறகு 1 மோலார் கிளைசின் 100 மைக்ரோலிட்டர், இன்னொரு 10 நிமிடம். மிச்சமிருக்கும் பிஎஸ்3-ஐக் கிளைசின் தின்றுவிடும். சுழற்றி, திரவத்தை எடுத்துவிட்டு, பாஸ்பேட்டேஸ், புரோட்டியேஸ் தடுப்பான்கள் கலந்த பஃபரில் உடனே உடையுங்கள். அதன் பிறகு உறையவைப்பதில் தடையில்லை.

எங்கே கெடும் என்பதைச் சொல்கிறேன். கரைசலில் ட்ரிஸ் இருந்தால் போச்சு. ட்ரிஸ்ஸிலும் கிளைசினிலும் அமீன் இருக்கிறது, பிஎஸ்3 முழுவதும் அவற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். பைகார்பனேட் அல்லது ஹெபெஸ் கரைசல் போடுங்கள். இரண்டாவது, பிஎஸ்3 தண்ணீர் பட்டதும் சிதையத் தொடங்கும். 2 மில்லிமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 1.15 மில்லிகிராம் அளவு. அதை எடைபோட்டு, எலியின் மூளை கையில் வந்த பிறகு கரையுங்கள். காலையில் கரைத்து வைத்து மத்தியானம் பயன்படுத்தினால் மேல் பட்டை வெளிறித்தான் வரும்.

நம் ஊர் ஈரப்பதம் இங்கே பெரிய எதிரி. மைனஸ் 20-இலிருந்து எடுத்த பிஎஸ்3 குப்பியை எடுத்த உடனே திறந்தால் பினாங்குக் காற்றிலுள்ள ஈரம் முழுவதும் பொடியின் மேல் வியர்த்துப் படியும். பார்வைக்குப் பொடி வெள்ளையாகவே இருக்கும், மேல் ஓரம் மட்டும் கொஞ்சம் கட்டி தட்டியிருக்கும். அந்தக் குப்பி அதற்குப் பிறகு பாதி வேலைதான் செய்யும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் மூடியபடி வைத்து, அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் விட்டுத் திறவுங்கள். 2 மில்லிகிராம் சிறு குப்பிகளாக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, ஒன்றைத் திறந்தால் அன்றே முடித்துவிடலாம்.

ஜெல் 4 முதல் 15% கிரேடியன்ட். மேற்பரப்புப் பட்டை கிணற்றுக்கு அடியிலேயே, ஸ்டாக்கிங் ஜெல்லின் எல்லையில் நிற்கும். பழக்கத்தில் ஸ்டாக்கிங் ஜெல்லை வெட்டி எறிந்துவிடாதீர்கள், உங்கள் தரவு அதோடு போய்விடும். ஈர டிரான்ஸ்ஃபர், குளிர் அறையில், இரவு முழுக்க. மெத்தனாலைக் குறையுங்கள், இல்லையேல் பெரிய புரதம் ஜெல்லிலேயே தங்கும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு சரிபார்ப்பு வேண்டும். ஒரு எலியின் திசுவில் கொஞ்சத்தை பிஎஸ்3 போடாமல் ஓட்டுங்கள், அதில் மேல் பட்டை இருக்கக் கூடாது. பிஎஸ்3 போட்டதில் டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் பாருங்கள், அது செல்லுக்குள்ளே இருப்பது, கீழேயே நிற்க வேண்டும். அது மேலே ஏறியிருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, அந்த எலியின் எண்களை எடுக்க வேண்டாம். பிணைத்த பிறகு சில ஆன்டிபாடிகள் ஒட்டாமல் போகும், மேல் பட்டையே காணாமல் போனால் ஆன்டிபாடியையும் சந்தேகியுங்கள்.

உங்கள் ஜிஎல்டி-1 கறைக்குக் காரணம் 95 டிகிரி. பலமுறை சவ்வைக் கடக்கும் புரதங்களைக் கொதிக்கவைத்தால் ஒன்றோடொன்று திரண்டு மேலே போய்விடும். 37 டிகிரியில் 30 நிமிடம் போதும். அப்போதும் இருமடிப் பட்டை ஒன்று வரும், அது இயல்பு. ஒருமடி, இருமடி இரண்டையும் கூட்டிக் கணக்கிடுங்கள். டிடிடி (கந்தகப் பிணைப்புகளை உடைப்பது) புதிதாகக் கலந்ததாக இருக்கட்டும்.

ஆக்டினை விட்டுவிடுங்கள். தினமும் கொகேன் கொடுத்து மூன்று வாரம் நிறுத்திய எலிகளின் அக்கும்பன்ஸில் இழையாகக் கோத்த ஆக்டின் கூடுவதை 2006-இல் டோடா, கலிவாஸ் குழு காட்டியிருக்கிறது. சினாப்ஸ் பகுதியைப் பிரித்து எடுத்தால் ஆக்டினே நீங்கள் தேடும் புரதங்களில் ஒன்றாகிவிடுகிறது. மாறும் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதை எப்படி அளப்பது? லேனின் மொத்தப் புரதத்தைச் சாயமேற்றி அதோடு ஒப்பிடுங்கள். பொன்சோ சாயம் போதும், படம் பிடித்துக் கழுவிவிட்டுத் தொடரலாம்.

பிடிஎன்எஃப்பை ப்ளாட்டில்தான் பார்ப்பேன் என்றால் 15% ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் தாள். முதிர்ந்த வடிவம் 14, முன்வடிவம் 32 கிலோடால்டன். 0.45 மைக்ரான் தாளில் 14 தப்பித்துப் போகும்.


ஜெலுத்தோங்_மாணவி

அக்கா, அண்ணா, செய்முறையை அச்செடுத்து பெஞ்சில் ஒட்டிவிட்டேன். இரண்டு கேள்வி. ஜிஎல்டி-1-இல் எந்தத் திசையில் மாற்றம் எதிர்பார்க்க வேண்டும்? 24 எலியை எப்படிப் பிரிப்பது? மேற்பார்வையாளர் ஒரு குழுவில் மாஸ் ஸ்பெக்குக்கும் (புரதங்களை நிறையால் அடையாளம் காணும் கருவி) அனுப்பலாமா என்று கேட்கிறார்.


கெளுகோர்_பெஞ்ச்

ஜிஎல்டி-1 குறைய வேண்டும். ஆனால் அதுவும் தானாக எடுத்துக்கொண்ட எலிகளில்தான் நன்றாகத் தெரிகிறது. நீண்ட அமர்வு, நீண்ட இடைவெளி இரண்டும் சேரும்போது சரிவு பெரிது. இது நரம்புச் செல்லைச் சுற்றியுள்ள அஸ்ட்ரோசைட்டின் புரதம், சிந்திய குளுட்டமேட்டை அள்ளிக்கொள்வது இதன் வேலை. இதோடு சேர்ந்து எக்ஸ்சிடி என்ற பரிமாற்றியும் தளர்கிறது. எக்ஸ்சிடி தளர்ந்தால் சாதாரண நேரத்தில் குளுட்டமேட் குறைவாக இருக்கிறது, குறிப்பைக் கண்ட நேரத்தில் சிந்துவதை அள்ள ஜிஎல்டி-1 இல்லை. அமைதியான நேரத்தில் வறட்சி, குறிப்பைக் கண்டால் வெள்ளம். செஃப்ட்ரியாக்ஸோன், என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்துகள் இரண்டு புரதத்தையும் மீட்டு, எலி மறுபடி தேடுவதைக் குறைத்தன. எக்ஸ்சிடி ஆன்டிபாடிகள் மோசம், சம்பந்தமில்லாத பட்டைகள் வரும். அந்த மரபணு நீக்கிய சுண்டெலியின் திசு கிடைக்காமல் அதில் இறங்காதீர்கள்.

24 எலி. மூன்று நாள், இரண்டு மருந்து என்றால் ஆறு குழு, குழுவுக்கு 4. அது வீண். உங்கள் மாதிரி ஊசி மாதிரி என்பதால் 1, 21 என்று இரண்டு நாள் வைத்தால் குழுவுக்கு 6, மேற்பரப்பு ஆம்பாவுக்கு அதுதான் சரி. நிறுத்திய காலம் நீள நீள என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் உயிர்க்கேள்வி என்றால் 1, 45 வையுங்கள். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், தலைப்பே நாளடைவு என்பதால். 8 எலி கூட்டிக் குழுவுக்கு 8 ஆக்க நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் கேட்க முடிந்தால் கேளுங்கள். இங்கே வரும் மாற்றங்கள் பெரும்பாலும் 20, 30 விழுக்காடுதான். 6 எலியில் அது சிதறலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

எலிதான் ஓர் எண். இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு பஞ்ச் எடுத்து 12 என்று எழுதக் கூடாது.

இந்த எலிகளுக்கு நடத்தைச் சோதனை வைக்கவே வேண்டாம். குறிப்பைக் காட்டி ஒரு மணி நேரம் சோதித்துவிட்டுத் தலை எடுத்தால், நீங்கள் அளப்பது 45 நாள் நிறுத்தியதையா, அந்த ஒரு மணி நேரத்தையா என்று பிரிக்க முடியாது. பழக்கத்தை அழிக்கும் பயிற்சியும் அப்படியே. நெம்புகோலை வெறுமனே அழுத்தவிட்டு மறக்கச் செய்தாலே அக்கும்பன்ஸின் வெளிப்பகுதியில் க்ளூஏ1 கூடுகிறது என்று 2003-இல் சட்டன், செல்ஃப் குழு காட்டியது. அது மீட்சியின் பக்கத்தில் வரும் மாற்றம். சும்மா கூண்டில் இருந்த எலியும் மறக்கப் பழக்கிய எலியும் ஒன்றல்ல. கட்டுரை படிக்கும்போது முதலில் இதைப் பாருங்கள், முரண்பாடுகளில் பாதி இங்கேயே தீரும்.

மாஸ் ஸ்பெக் அனுப்பலாம், ஆனால் பிஎஸ்3 போட்டதை அனுப்பாதீர்கள். பிஎஸ்3 லைசினைக் கட்டிவிடும், ட்ரிப்சின் வெட்டுவதோ லைசினிலும் ஆர்ஜினினிலும்தான். ஒரு பக்க அக்கும்பன்ஸை பிஎஸ்3-க்கும் மறுபக்கத்தை மாஸ் ஸ்பெக்குக்கும் ஒதுக்குங்கள், எலிக்கு எலி இடம் வலம் மாற்றி. முழுச் சாற்றில் சவ்வுப் புரதங்கள் அடிபட்டுப் போகும், ஆகவே சினாப்டோசோம் (சினாப்ஸ் நுனிகள் மட்டும் உள்ள பகுதி) பிரித்து அனுப்புவது நல்லது. எல்லா மாதிரிகளையும் ஒரே வாரத்தில், குழுக்களைக் கலந்து வரிசைப்படுத்தி ஓட்டச் சொல்லுங்கள். 1-ஆம் நாள் மாதிரிகள் ஒரு மாதமும் 45-ஆம் நாள் மாதிரிகள் இன்னொரு மாதமும் ஓடினால், கருவியின் மாற்றத்தைக் கொகேனின் மாற்றமாக எழுதிவிடுவீர்கள்.


செந்தூல்_ஆலோசகர் (கோலாலம்பூர்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். போதைப் பழக்க மறுவாழ்வில் ஆலோசனை வேலை செய்கிறேன், ஆய்வகம் தெரியாது. இரண்டு மாதம் நிறுத்திவிட்டு வருகிறவர்களின் குடும்பம் கேட்பது இதுதான்: சிறுநீரில் இல்லை என்று வந்துவிட்டது, உடம்பு சுத்தம், இனி ஏன் பயப்பட வேண்டும்? எலியில் கண்ட அடைகாத்தல் மனிதருக்கும் உண்டா? எங்களிடம் வருகிறவர்களில் கொகேன் அரிது, சியாபு என்ற மெத்தம்பெட்டமின்தான் அதிகம்.


பங்சார்_ப்ளாட்

ஐயா, நல்ல இடத்தில் கேட்டீர்கள். சிறுநீர்ச் சோதனை தேடுவது கொகேன் உடைந்து வரும் பென்சாயில்எக்கோனைன். சாதாரணமாக இரண்டு முதல் நான்கு நாளில் அது போய்விடும். மேலே பேசியவற்றில் நாள்பட ஏறும் புரத மாற்றங்கள் அதற்குப் பிறகுதான் தெரிகின்றன.

உயிரோடு இருக்கும் மனிதரின் சினாப்ஸில் க்ளூஏ1 அளக்க முடியாது. ஆனால் மறைமுகமாக ஒரு வலுவான சான்று இருக்கிறது. 2016-இல் பர்வாஸ் குழு, கொகேன் பழக்கமுள்ள 76 பேரை, நிறுத்தி 2 நாள், 1 வாரம், 1 மாதம், 6 மாதம், 1 ஆண்டு என்று வெவ்வேறு கட்டத்தில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டது. கொகேன் படங்களைக் காட்டி ஈஈஜியில் மூளையின் எதிர்வினையை அளந்தார்கள். எனக்கு வேண்டும் என்று வாயால் சொன்ன அளவு நாளாக ஆகக் குறைந்துகொண்டே போனது. மூளையின் எதிர்வினை ஏறி, 1 முதல் 6 மாதத்துக்குள் உச்சத்தில் இருந்து, பிறகுதான் தணிந்தது.

இதில் குடும்பத்தார் கவனிக்க வேண்டியது, அவர் பொய் சொல்லவில்லை என்பது. இப்போது ஆசையே இல்லை என்று இரண்டாம் மாதத்தில் ஒருவர் சொன்னால் அவர் உணர்வதை அப்படியே சொல்கிறார். பழைய இடம், பழைய நண்பன், பணம் கைக்கு வரும் நாள் எதிரே வந்தால் மூளை அவர் சொல்லைக் கேட்காது. ஆகவே கண்காணிப்பையும் சந்திப்புகளையும் முதல் மாதத்தோடு தளர்த்தாதீர்கள், ஆறாம் மாதம் வரையாவது அதே நெருக்கம் வேண்டும்.

மீட்சி உண்டு, ஆளுக்கு ஆள் வேறு. 2006-இல் நேடர் குழு குரங்குகளில் டோப்பமின் டி2 ஏற்பியை ஸ்கேனில் தொடர்ந்தது. கொகேன் தொடங்கிய ஒரு வாரத்திலேயே 15 முதல் 20 விழுக்காடு சரிந்தது. ஒரு வாரம் மட்டும் எடுத்தவை மூன்று வாரத்தில் மீண்டன. ஓர் ஆண்டு எடுத்த ஐந்தில் மூன்று, மூன்று மாதத்தில் மீண்டன. மற்ற இரண்டும் ஓர் ஆண்டு கழிந்தும் மீளவில்லை.

சியாபுக்கும் இது பொருந்தும். மெத்தம்பெட்டமின் எடுத்த எலிகளிலும் ஏக்கம் அடைகாக்கிறது, அந்தக் கால்சியம் விடும் ஏற்பிகளும் அக்கும்பன்ஸில் சேர்கின்றன, கொகேனைவிட முன்னதாகவே.

மருந்துக் கடையில் என்-அசிட்டைல்சிஸ்டைன் வாங்கிக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால்: 2013-இல் வந்த கொகேன் சோதனையில் ஒட்டுமொத்தமாகப் பயன் தெரியவில்லை. தொடங்கும்போதே நிறுத்தியிருந்த சிலரில், நாளுக்கு 2400 மில்லிகிராம் எடுத்தவர்கள் மறுபடி விழ அதிக நாள் ஆனது. அதை வைத்து யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. சுத்தமான சோதனைக்கு உடனுக்குடன் பரிசு தரும் முறைக்குத்தான் கொகேனில் இதுவரை வலுவான சான்று.


ஜெலுத்தோங்_மாணவி

45-ஆம் நாளை வைத்துக்கொள்ள மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டார். 1, 45 நாள், குழுவுக்கு 6, கூடுதல் 8-க்குத் திருத்தமும் அனுப்பியாகிவிட்டது. ஒரே நாளில் எத்தனை எலிக்கு பிஎஸ்3 செய்ய முடியும்?


கெளுகோர்_பெஞ்ச்

இரண்டு பேர் நின்றால் 6. தலை எடுப்பதிலிருந்து பிஎஸ்3 படும்வரை ஒவ்வொரு எலிக்கும் ஒரே நேரம் ஆக வேண்டும், அதைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். அந்த ஆறில் கொகேனும் உப்புநீரும் மும்மூன்று இருக்கட்டும். காலை 9 முதல் 12-க்குள் முடியுங்கள், எல்லா நாளும் அதே நேரம்.

ஊசி தொடங்கும் நாளை ஒவ்வொரு ஆறு எலிக்கும் இரண்டு நாள் இடைவெளி விட்டு அடுக்குங்கள். 7 நாள் ஊசி, அதன்பின் 45, ஆக முதல் ஊசியிலிருந்து 52-ஆம் நாள் மூளை எடுக்க வேண்டும். நாள்காட்டியை எடுத்து அந்த 52-ஆம் நாள்களைக் குறியுங்கள். தைப்பூசம், சீனப் பெருநாள், ஹரி ராயா எதிலாவது விழுந்தால் தொடக்க நாளை இப்போதே தள்ளுங்கள். விடுமுறை வாரத்தில் ட்ரை ஐஸ் வராது, விலங்குக் கூடத்தில் ஆள் குறைவு, 45-ஆம் நாள் 49 ஆகிவிடும். ஞாயிறும் பாருங்கள்.

குழாய்களில் குழுவின் பெயரை எழுதாதீர்கள், எண் மட்டும். எண்ணுக்கும் குழுவுக்குமான தாள் மேற்பார்வையாளரிடம் இருக்கட்டும், எல்லாப் பட்டைகளையும் அளந்து முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.